இரண்டாவது திறப்பு

அத்தியாயம் 11

சோபனா வருவதாகச் சொன்ன நாள் அது.

கணவனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து அவள் சம்பூரை விட்டு வெளியே வரும் முதல் பயணம். பஸ் ஏறிவிட்டேன் என்று காலையிலேயே போன் எடுத்துச் சொல்லியிருந்தாள். அதிலிருந்து சிவபாக்கியம் குசினிக்கும் முன் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு மீன் வைக்கலாமோ, என்னப்பா?”

“முப்பத்தொண்டு முடிஞ்சுதுதானே. வைக்கலாம்,” என்றார் அவள் கணவர் குலசிங்கம். “ஆனா அவ இஞ்ச சாப்பிட வரேல்ல.”

சிவபாக்கியம் நின்றுவிட்டாள். சோபனா எதற்கு வருகிறாள் என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

சோபனாவின் கணவன் துவாரகனும் இந்த வீட்டு மகன் சுலக்சனும் வளைகுடாவில் ஒரே கட்டடத்தில் வேலை செய்து, ஒரே அறையில் படுத்தவர்கள். துவாரகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். குடித்துவிட்டு ஏறினான் என்று அங்குள்ள கம்பனி எழுதிக் கொடுத்தது. சவப்பெட்டியோடு அந்த வார்த்தையும் சம்பூருக்கு வந்து சேர்ந்தது.

அவன் குடிக்கவில்லை. அதற்குச் சாட்சி ஒரு குரல்பதிவு. உயரத்தில் ஏறுபவர்கள் கட்டும் இடுப்புப் பட்டிகள் எல்லாம் ஸ்ரோருக்குள் பூட்டிக் கிடந்தன என்று போர்மன் தன் வாயாலேயே சொல்கிறான். சுலக்சன் அவனுக்குத் தெரியாமல் அதைப் பதிந்து அம்மாவுக்கு அனுப்பினான். அனுப்பியதும் தன் போனிலிருந்து அழித்துவிட்டான். ஒருவர் பேசுவதைக் களவாகப் பதிந்தால் அந்த நாட்டில் மறியல், சிறைதான்.

இப்போது அந்தப் பதிவு ஓர் இடத்தில்தான் இருக்கிறது. சிவபாக்கியத்தின் ‘கரைக்குரல்’ செய்திச் செயலியில், பூட்டுக்குள்.

மகள் நிவேதிகா கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். கரைக்குரலைச் செய்யும் கம்பனியில்தான் அவளுக்கு வேலை. அன்றைக்கு அவள் வீட்டில் ஒரு விசயம் சொல்ல வேண்டியிருந்தது. சோபனா அக்கா பதிவைக் கேட்கட்டும். ஆனால் அது அந்தப் போனை விட்டு வெளியே போகக் கூடாது.

இவ்வளவுதான். ஆனால் சொன்னால், ஏன் என்று அப்பா கேட்பார். அவள் வேலை செய்யும் கந்தோருக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, கவனம்,” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு.

“என்னத்துக்குக் கவனம்?”

“சும்மாதான்.”

“வாய்க்குள்ள என்ன, முட்டையே வைச்சிருக்கிறாய்? சொல்ல வந்ததைச் சொல்லிப்போட்டுப் போ.”

“ஒண்டுமில்லை அம்மா. நேரம் போகுது.”

குலசிங்கம் சிரித்தார். “விடும். அவள் கொம்பியூட்டரோட மட்டும்தான் கதைப்பாள்.”

நிவேதிகா படலையைச் சாத்திக்கொண்டு நடந்தாள். இரவு முழுக்க மழை. வீதியோரம் இரண்டு மான்கள் நனைந்த குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. உட்துறைமுகத்தில் தண்ணீரும் வானமும் ஒரே நிறம்.

*

கந்தோர் ஓர்ஸ் ஹில்லில், ஒரு பார்மசிக்கு மேலே இருந்தது. ஆறு மேசைகள். நிவேதிகாவின் மேசை யன்னலோரம்.

பூட்டுப்போட்ட செய்திகளை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. ஒரு நாடு பூட்டு எவ்வளவு பலமானது என்று கேட்டுப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒரு நாடு அனுமதி எடுக்காமல் அந்தப் பூட்டை உள்ளே விடாது. அதன் திறப்பு, அதாவது சாவி, வேறு யாரிடமும் இல்லை என்று ஒரு நாடு உறுதிமொழி கேட்கும். திறப்பு இருந்தால் எங்களுக்கும் ஒன்று தா என்று இன்னொன்று கேட்கும். எல்லாருக்கும் நிவேதிகாதான் பதில் எழுதினாள். பேசுவதைவிட அவளுக்கு அது சுலபம்.

இந்தக் கடிதம் சுலக்சன் வேலை செய்யும் நாட்டிலிருந்து வந்திருந்தது. கேள்வி சின்னது. செயலியைப் பயன்படுத்தும் பாவனையாளர் யாருடையதாவது திறப்பு உங்கள் கம்பனியின் கையில் இருக்கிறதா? இருந்தால் ஒப்படைக்கவும். இல்லையென்றால், இல்லை என்று கையொப்பமிடவும். இன்று மாலை கடைசி. நாளைக்கு அவர்களுடைய பரிசோதகர் கம்பனியின் கணினிக்குள் வந்து பார்ப்பார். பதில் போகாவிட்டால் அந்த நாட்டில் கரைக்குரல் நிறுத்தப்படும்.

முதலாளி தனஞ்சயன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“இல்லை எண்டு எழுத இவ்வளவு நாளோ, நிவேதிகா? ஒரு வரி.”

அவள் மேசையைப் பார்த்தாள்.

“ஒண்டு இருக்கு, சேர்.”

“என்ன ஒண்டு?”

“திறப்பு.”

பக்கத்து மேசையில் றிப்தியின் விரல்கள் நின்றன. செயலியின் பூட்டை எழுதியவன் றிப்தி. கிண்ணியாவிலிருந்து மோட்டர் சைக்கிளில் வருபவன்.

“எங்களிட்ட எப்பிடி வரும்? அப்பிடி வராமல்தானே செய்தது?” என்றார் தனஞ்சயன்.

அப்படித்தான் செய்தது. கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும்போது வீட்டுத் திறப்பில் இரண்டாவதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அந்த வழக்கத்திலிருந்துதான் தனஞ்சயனுக்கு யோசனை வந்தது. தாய்மார் போனைத் தொலைப்பார்கள், உடைப்பார்கள். அப்போது பழைய செய்திகள் போய்விடாமல், இரண்டாவது திறப்பொன்று சொந்தக்காரர் ஒருவரின் போனில் இருக்கும். கம்பனியிடம் இருக்காது. ஊர்ச்சனம் இந்தச் செயலியை நம்பியது அதனால்தான்.

சிவபாக்கியம் தன் இரண்டாவது திறப்பை மகளிடம்தான் கொடுத்தாள். அப்போது மகளின் சொந்தப் போனில் இடம் இருக்கவில்லை. கையில் கந்தோர்ப் போன் இருந்தது, பரிசோதனைக்கென்று கம்பனி கொடுத்தது. அம்மாவுடையதுதானே, நான்தானே வைத்திருக்கிறேன் என்று அதிலேயே வாங்கிக்கொண்டாள். கந்தோர்ப் போனில் இருப்பதெல்லாம் கம்பனியின் கணினியிலும் போய்ச் சேரும் என்பதை அந்த நேரம் நினைக்கவில்லை.

எல்லா நாட்டு விதியும் தெரிந்த அவள் அதை நினைக்கவில்லை.

“ஆருடைய திறப்பு?”

“என்ட அம்மாவின்ட.”

தனஞ்சயன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“போன வருசம் ஐரோப்பாக்காரருக்கு என்ன எழுதிக் கையெழுத்து வைச்சனீர்?”

“எங்களிட்ட ஒரு திறப்பும் இல்லையெண்டு.”

“அப்ப இண்டைக்கு ஒண்டு இருக்கெண்டு எழுதினா, அது பொய்யாப் போகும். இல்லையெண்டு எழுதினா இது பொய்.”

“ஓம் சேர்.”

“எங்கட சனத்தில பாதி ஐரோப்பாவில இருக்கு. அவை விட்டிட்டுப் போனா இந்தக் கந்தோரை நான் பூட்ட வேண்டியதுதான். ஒப்படைச்சா என்ன? அம்மாவும் மகனும் கதைச்சதுதானே. சாப்பிட்டியோ, குளிச்சியோ எண்டு.”

“அதுக்குள்ள ஒரு பதிவு இருக்கு, சேர். அண்ணா களவாப் பதிஞ்சது. செத்துப்போன ஆளின்ட விசயம். அது அவையின்ட கையில கிடைச்சா அண்ணாவைப் பிடிச்சு உள்ள போடுவினம். அவர் அங்கதான் நிக்கிறார். நாங்கள் இஞ்ச இருந்து ஒண்டும் செய்ய ஏலாது.”

அந்த அறையில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் காது சுட்டது.

தனஞ்சயன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நங்கூரமிட்ட கப்பல் ஒன்று மழைப்புகாரில் பாதி மறைந்திருந்தது.

“நான் கீழ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்,” என்றார். “வந்து எத்தினை எண்டு கேப்பன். அப்ப சொல்லும். இப்ப சொன்னது எனக்குக் கேக்கேல்ல.”

*

சோபனா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெறும் நெற்றி. ஒரு கைப்பை.

“வெறுங்கையோட வந்திட்டன், அன்ரி. செத்த வீட்டில இருந்து ஒண்டும் கொண்டுவரக் கூடாதெண்டு மாமி சொன்னவ.”

“அதுக்கென்ன பிள்ளை. தேத்தண்ணியைக் குடி.”

அவள் குடிக்கவில்லை. சிவபாக்கியத்தின் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

புதுப் போன். பழையது இரண்டு கிழமைக்கு முன் அரிசி கழுவிய தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனது. பழைய செய்திகள் புதுப் போனில் திறந்ததே இரண்டாவது திறப்பால்தான். சிவபாக்கியத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நிவி ஏதோ செய்தாள், திறந்தது.

அவள் பதிவைப் போட்டாள்.

முதலில் சுலக்சனின் குரல். மெதுவாக, வாயருகே வைத்துப் பேசியது. “அம்மா, நான் சுலக்சன். இதைக் கவனமா வைச்சிருங்கோ. துவாரகன்ட வீட்டாக்களுக்கு ஒருநாள் தேவைப்படும். நான் இதை என்ட போனில அழிக்கப்போறன்.”

பிறகு இரும்புச் சத்தம், காற்று. சுலக்சன் அரைகுறை ஆங்கிலத்தில் எதையோ கேட்டான். இன்னொரு குரல் எரிச்சலோடு பதில் சொன்னது. சுலக்சன் அதையே திரும்பக் கேட்டான். அந்தக் குரல் இன்னும் உரத்துச் சொன்னது.

“என்னவாம் அங்கிள்? எனக்கு வடிவா விளங்கேல்ல.”

குலசிங்கம் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டுபவர். அவரிடம் இருந்தது கப்பற்காரரோடு கதைத்துப் பழகிய ஆங்கிலம். இதற்கு அது போதுமாக இருந்தது.

“பட்டியெல்லாம் ஸ்ரோருக்குள்ள கிடந்தது, திறப்பு வரேல்ல, வேலையை நிப்பாட்டினா என்ட தலைதான் போகும் எண்டு சொல்றான். இவன் கேக்கிறான், துவாரகன் குடிச்சிருந்தவனோ எண்டு. அவன் சொல்றான்...” குலசிங்கம் நிறுத்தினார். “அவன் சொல்றான், இல்லை, அவன் குடிக்கிறவனில்லை, ஆனா அப்பிடித்தான் எழுதோணும் எண்டு மேலிடம் சொன்னது எண்டு.”

சோபனா அழவில்லை. “இன்னொருக்காப் போடுங்கோ,” என்றாள்.

மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் போர்மன் பேசும்போது அவளுடைய உதடுகள் அவனோடு சேர்ந்து அசைந்தன.

“மாமா நம்பமாட்டார், அங்கிள். மகன் குடிச்சுத்தான் செத்தவன் எண்டு அவர் வாசலுக்கும் வாறதில்லை. நான் இவரை ஒழுங்கா வைச்சிருக்கேல்லையாம், அதுதான் அங்க போய்க் குடிச்சவராம். ஊரில அப்பிடிக் கதைக்கினம். ஒரு சொட்டு வாயில வைக்காத மனிசன்.”

சிவபாக்கியம் அவளுடைய தோளில் கை வைத்தாள்.

“நான் போய்ச் சொன்னா, எனக்காகச் சொல்றன் எண்டுதான் நினைப்பினம்.” சோபனா கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். மூலையில் கண்ணாடி வெடித்த போன். “இதில ஒருக்காப் பதியட்டே?”

குலசிங்கம் மனைவியைப் பார்த்தார். காலையில் மகள் சொன்ன ‘கவனம்’ ஞாபகம் வந்தது. எதற்கென்று அவள் சொல்லவில்லை.

“பொறும் பிள்ளை, நிவியை ஒருக்காக் கேக்கிறன்.”

அவர் விறாந்தைக்குப் போய்ப் போன் எடுத்தார். அடித்தது. அடித்து நின்றது. இன்னொரு தரம் எடுத்தார். பதில் இல்லை.

திரும்பி வந்தபோது சோபனா அப்படியே, வெடித்த போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“எடும்,” என்றார் குலசிங்கம். “உம்முடைய புருசன்ட விசயம். உமக்கில்லாமல் ஆருக்கு?”

“முன்னுக்கு சுலக்சன் கதைக்கிறதை விட்டிட்டுப் பதியட்டே?”

“இல்லை இல்லை, முழுக்க எடும். ஆர் பதிஞ்சதெண்டு தெரியாட்டி ஆர் நம்புவினம்?”

சிவபாக்கியம் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அதன் சத்தம் பதிவில் விழும். யன்னலையும் சாத்தினாள். பிறகு இரண்டு போன்களையும் மேசையில் முகத்துக்கு முகம் வைத்து, இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு முடியும்வரை மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

*

“நான் போட்ட பூட்டை உலகத்தில ஒருத்தனாலயும் உடைக்க ஏலாதெண்டு எங்கட உம்மாட்டக்கூடப் பெருமையடிச்சிரிக்கன்,” என்றான் றிப்தி. “நீங்க பின்கதவைத் திறந்து வெச்சிட்டு இரிந்திரிக்கீங்க, புள்ள.”

அவன் பகிடி விட்டான். ஆனால் முகம் சிரிக்கவில்லை.

“என்ன செய்யலாம், றிப்தி நானா?”

“மூணு வழி. குடுக்கலாம். பொய் சொல்லலாம், நாளைக்கு வந்து பாக்கிறவன் பிடிப்பான். இல்லாட்டி அழிக்கலாம். அழிச்சிட்டுக் கையெழுத்து வெச்சா, வெக்கிற நேரத்தில நீங்க எழுதினது உண்மை.”

“அழிச்சா அம்மாவின்ட பழைய செய்தியள்?”

“போகும். அவங்கட முதல் திறப்பு அந்தத் தண்ணிக்க விழுந்த போனோட போயிட்டு. இப்ப பழசெல்லாம் இந்த ஒரு திறப்புலதான் தொங்குது. இனி வாறதெல்லாம் புதுப் போன்ட திறப்பில வரும், அதுக்குப் பிரச்சினை இல்ல.”

“பழசை எடுத்துப் புதுத் திறப்பால பூட்ட ஏலாதோ?”

“ஏலும். அதை நாம இன்னும் எழுதல்ல. ரெண்டு கிழமையாவது வேணும். நமக்கு இரிக்கிறது இந்தப் பின்னேரம்.”

நிவேதிகா யோசித்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் அந்த ஒரு பதிவை மட்டும் வேறொரு போனில் எடுத்து வைக்கலாம். எடுத்தால் அது பூட்டில்லாத பதிவு. எங்கே வைப்பது? யாருடைய கையில்? சோபனா அக்கா இந்நேரம் கேட்டிருப்பா. காதால் கேட்டது போதாதா?

போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் போதும் என்று முடிவு செய்தாள்.

“இன்னொண்டு,” என்றான் றிப்தி. “அழிச்சது எப்ப எண்டு கணினி குறிச்சு வெக்கும். அதை நானும் மாத்த ஏலா. நாளைக்கு வாறவன் கண்டா கேப்பான். கடிதம் வந்த பிறகு ஏன் அழிச்ச எண்டு.”

“என்னைத்தானே கேப்பினம்.”

“உங்களத்தான்.”

“கேக்கட்டும். நான் இஞ்ச இருக்கிறன். அண்ணா அங்க இருக்கிறார்.”

றிப்தி அவளைப் பார்த்தான். பிறகு தன் திரைக்குத் திரும்பினான். “அம்மாவின்ட சம்மதம் வேணும். அவங்கட போன்ல கேள்வி போகும். பச்சையை அமத்தச் சொல்லுங்க.”

நிவேதிகா தன் போனை எடுத்தாள். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். அப்பாவின் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. அம்மாவுக்கு எடுத்தாள்.

“என்ன பிள்ளை? சோபனா இப்பதான் போறா. பஸ்ஸுக்கு அப்பா கூட்டிக்கொண்டு போறார்.”

“அப்பா எனக்கு எடுத்தவரோ?”

“ஓம், உன்னட்ட ஏதோ கேக்க எடுத்தவர், இப்ப தேவையில்லை. பாவம், ஒரு வாய் சோறு சாப்பிடாமல் போறாள்.”

“அம்மா, இப்ப உங்கட போனில ஒரு கேள்வி வரும். சிவப்பும் பச்சையும் இருக்கும். பச்சையை அமத்துங்கோ.”

“என்ன கேள்வி?”

நிவேதிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கந்தோர் வேலை அம்மா. ஒண்டுமில்லை.”

“சரி, இந்தா. வந்திட்டுது. இங்கிலீசில என்னவோ கிடக்கு. பச்சைதானே?”

“ஓம். பச்சை.”

திரையில் ஒன்று என்று இருந்த இடத்தில் பூச்சியம் வந்தது. சத்தம் ஏதும் வரவில்லை.

தனஞ்சயன் மேலே வந்தார். சேட்டில் மழைத்துளிகள்.

“எத்தினை?”

“ஒண்டும் இல்லை, சேர்.”

“நல்லது. எழுதி அனுப்பும்.”

அவள் எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். இரண்டு இடங்களுக்கும் கொடுத்த இரண்டு பதில்களும் இப்போது உண்மையாகிவிட்டன. அவளுக்கு அது மகிழ்ச்சியாக இருக்கவில்லை. அண்ணா தப்பிவிட்டார் என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பல தரம் சொன்னாள்.

*

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். சிவபாக்கியம் மேசையில் பயற்றங்காயை முறிக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு, போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் அவள் வேலை செய்தபடி மகனின் பழைய குரல்களைப் போட்டுக் கேட்பாள். வெளிநாடு போன நாளிலிருந்து சுலக்சன் அனுப்பியது எல்லாம் அதில் இருந்தது. முதல் பௌர்ணமி விரதத்துக்குச் சாம்பாறு வைக்கத் தெரியாமல் அவன் கேட்டது, காய்ச்சலில் முனகியது, அவளுடைய பிறந்தநாளுக்குப் பாடியது.

“நிவி, இதைப் பார். ஒண்டும் திறக்குதில்லை. பூட்டுப் படம்தான் நிக்குது.”

நிவேதிகா கைப்பையைக் கீழே வைத்தாள்.

“இனித் திறக்காது, அம்மா.”

“ஏன்?”

அவள் சொன்னாள். கடிதத்தை, கந்தோர்ப் போனை, திறப்பை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். திறப்பைக் கொடுத்திருந்தால் அண்ணாவைப் பிடித்திருப்பார்கள் என்றாள். வேறு வழி இருக்கவில்லை என்றாள்.

சிவபாக்கியம் போனை மேசையில் வைத்தாள். போனின் திரை அணைந்தது.

“நான் பச்சையை அமத்தினது இதுக்கோ?”

“ஓம் அம்மா.”

“கேட்டிருந்தா அமத்தியிருப்பன்தானே. அவனுக்காகத்தானே. கேட்டிருக்கலாமே, நீ.”

நிவேதிகா அணைந்த திரையைப் பார்த்தாள்.

குலசிங்கம் கதிரையை மகள் பக்கம் தள்ளினார். “இரு பிள்ளை. முகத்தைப் பார், வெளிறிப்போய்க் கிடக்கு. நடந்தது நடந்துபோச்சு. குரல் போனா என்ன, ஆள் இருக்கிறான்தானே.” பிறகு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: “அந்தப் பதிவும் போகேல்ல. நல்ல காலம், சோபனா தன்ட போனில எடுத்துக்கொண்டு போயிட்டா.”

நிவேதிகா உட்காரவில்லை.

“எதை எடுத்தவ?”

“அந்தப் பதிவைத்தான். முழுக்க. உன்னைக் கேக்கத்தான் ரெண்டு தரம் கோல் எடுத்தனான், நீ எடுக்கேல்ல. அம்மாதான் போனைப் பிடிச்சுக் குடுத்தவ.”

“முழுக்கவோ? அண்ணா தன்ட பேரைச் சொல்றதுமோ?”

“அது இல்லாட்டி ஆர் நம்புவினம்?”

“அப்பா, அவ அதை ஆருக்கும் அனுப்பினவவோ?”

குலசிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது.

“மாமனாருக்குப் போட்டுக் காட்டத்தான் கொண்டுபோனவ. பிறகு... பஸ் வரமட்டும் நிண்டம்தானே. அப்ப துவாரகன்ட தம்பிக்கும் அனுப்பினவ. அவனும் அங்கதான் வேலை, வேற இடத்தில. அண்ணனைக் குடிகாரன் எண்டு எழுதினவங்களுக்கு முன்னால கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுறன் எண்டு உடனயே பதில் போட்டவனாம்.”

அவள் அண்ணாவுக்கு எடுக்கத் தன் போனைத் தேடினாள்.

சோபனா அனுப்பியதும் ஏதோ ஒரு செயலியில் பூட்டோடுதான் போயிருக்கும். வழியில் யாரும் திறந்திருக்க முடியாது. ஒரு நாட்டாலும் முடியாது. போய்ச் சேர்ந்தவனின் கையில் அது திறந்திருக்கும்.

சிவபாக்கியத்தின் போன் அடித்தது. திரையில் சுலக்சனின் முகம், தொப்பியோடு.

அவள் எடுக்கவில்லை. மகள் பக்கம் நீட்டினாள். “நீயே சொல்லு அவனுக்கு.”

“அண்ணா.”

“அட, ஊமைப்பிள்ளை! நீ எப்ப தொடக்கம் போன் எடுக்கிறாய்? அம்மா எங்க?”

“அண்ணா, கேளுங்கோ...”

“இஞ்ச பார், நேரமில்லை. சும்மா சொல்லிப்போட்டுப் போவம் எண்டு எடுத்தனான். போர்மன் ஒபீசுக்கு வரட்டாம். ஆளனுப்பியிருக்கிறான்.”

“ஏன்?”

“தெரியேல்ல. துவாரகன்ட தம்பி வந்து நிக்கிறானாம், என்னைக் கேட்டவனாம். பாவம், அண்ணன்ட சாமானுகள் எடுக்க வந்திருப்பான். போனை இஞ்ச வைச்சிட்டுத்தான் போகோணும், அதோட உள்ளுக்கு விடமாட்டாங்கள். வந்து எடுக்கிறன், என்ன? அம்மாட்டச் சொல்லு.”

“போகாதேங்கோ! அண்ணா, போகாதேங்கோ!”

அவள் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. குலசிங்கம் எழுந்துவிட்டார். சிவபாக்கியத்தின் கை பட்டுப் பயற்றங்காய் தரையில் விழுந்தது.

தொடர்பு அறுந்திருந்தது. அவன் கேட்டானா என்று தெரியவில்லை.

அவள் திரும்ப எடுத்தாள். மணி போனது. திரும்ப எடுத்தாள். போனது.

வளைகுடாவில் சுலக்சனின் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று துவாரகனுடையது, விரிப்பில்லாமல் கிடக்கிறது. மற்றதில் போன் வெளிச்சம் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.